குறி சுடுவோர்க்கு முதற் கைத்துப்பாக்கி

நம் சங்க நண்பர்கள் மூவர் இவ்வாண்டு என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர்: “குறி சுடப் பழக ஆசை, எந்தக் கைத்துப்பாக்கியை வாங்கலாம்?” 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றதிலிருந்து இக்கேள்வி மிகுந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் வாகை சூடிய வீரன் அல்லன். தவறான துப்பாக்கியை வாங்கி ஓராண்டை இழந்தவன். அந்தத் தகுதி ஒன்றே இக்கட்டுரைக்குப் போதும் என்று நம்புகிறேன்.

முதலில், எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். புதியவர்க்கு உரியது 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. இதில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. வீரர் ஒரு கையால் மட்டுமே பிடித்து, போட்டியில் 75 நிமிடங்களில் 60 முறை சுட வேண்டும். இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான். நம் சட்டைப் பொத்தான் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். தோட்டா போட்டுச் சுடும் .22 வகைக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், செலவும் மிகுதி. அது பின்னாள் வேலை.

இனி என் கதை. தில்லி வந்த முதலாண்டு, துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் சுடுகளத்தை நண்பன் ஒருவனோடு காணச் சென்றேன். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்காக எழுந்த களம் அது. அன்று பற்றிய ஆசை அடங்கவில்லை. ஊரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் தந்தையார் சேமநிதியில் கடன் எடுத்துப் பணம் அனுப்பினார். புகழ்பெற்ற ஐரோப்பியத் துப்பாக்கி ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். பெயர் பெரிது, அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

பயிற்சியாளர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். “இதை யார் கைக்காக வாங்கினாய்?” என்று இந்தியில் கேட்டார். கைப்பிடி பெரிய அளவு. என் கையோ சிறியது. அவர் காற்று உருளையைத் திருப்பிக் காட்டினார். அதில் பொறித்திருந்த நாளிலிருந்து பத்தாண்டுக் காலம் முடிந்து போயிருந்தது. அழுத்தக் காற்றை அடக்கும் உருளையை அதன் காலத்துக்குமேல் பயன்படுத்துவது ஆபத்து. புதிய உருளை வெளிநாட்டிலிருந்து வந்து சேர மாதங்கள் ஆயின. அவ்வாண்டுப் போட்டிகள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

கைப்பிடி பெரிதாயிருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துப்பாக்கியின் முன்னே ஒரு குறிமுனையும் பின்னே ஒரு பிளவும் உள்ளன. இரண்டுக்கும் இடைத்தொலைவு சுமார் 320 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பிளவின் நடுவில் நிற்க வேண்டிய முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 31 மில்லிமீட்டர் விலகும். பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஏழு கிடைக்கும். ஆனால் முனையும் பிளவும் சரியாக இசைந்திருக்க, கை முழுவதுமாக 5 மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் 5 மில்லிமீட்டரே விலகும்; அப்போதும் பத்துதான். கை நடுக்கம் சிறு பகை. மணிக்கட்டின் திருகல் பெரும் பகை. பொருந்தாத கைப்பிடி மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் திருகுகிறது.

கிளியின் கண்ணை மட்டும் கண்ட அருச்சுனனை நாமெல்லாம் சிறு வயதிலேயே அறிவோம். கைத்துப்பாக்கியில் பாடம் நேர்மாறானது. கண் முன்முனையைக் கூர்மையாகக் காண வேண்டும். இலக்கு மங்கலாகவே தெரிய வேண்டும். தொலைவிலுள்ள குறியை உற்று நோக்குபவன் கையருகே நிகழும் பிழையைக் காண்பதில்லை.

ஆகவே வாங்குமுன் ஆராய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, கைப்பிடி. துப்பாக்கியைப் பிடித்துக் கண்களை மூடிக் கையை இலக்கின் திசையில் உயர்த்துங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். முனை பிளவின் நடுவில் நிற்க வேண்டும். பத்து முறை செய்து பத்து முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் அது உங்கள் கைக்கு ஆகாது. மரக் கைப்பிடிகள் பல அளவுகளில் கிடைக்கின்றன. இடக்கையர்க்குத் தனியே உண்டு. சிறிது பெரிதானால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். மிகப் பெரிதைத் தேய்த்துப் பயனில்லை.

இரண்டு, விசை. போட்டி விதிப்படி 500 கிராம் எடையைத் தாங்கி நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் களத்தில் ஏற்கமாட்டார்கள். குறைந்த எடையைவிட முக்கியமானது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விடுபடுதல். விரலின் நீளத்திற்கேற்ப விசையை முன்பின் நகர்த்த முடிகிறதா என்றும் பாருங்கள்.

மூன்று, எடை. விதி 1500 கிராம் வரை இடம் தருகிறது. போட்டித் துப்பாக்கிகள் பல ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். கடையில் ஒரு நிமிடம் தூக்குவது சோதனை ஆகாது. அறுபது முறை உயர்த்தித் தாழ்த்திய பிறகு தோள் என்ன சொல்கிறது என்பதே சோதனை.

நான்கு, காற்று வகை. கரியமில வாயு உருளையில் வாயு நீர்மமாக அடைபட்டிருப்பதால் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 20 பாகையில் சுமார் 57 பார். 5 பாகையில் சுமார் 40 பார். தில்லியின் சனவரியையும் மே மாதத்தையும் அறிந்தவர்க்கு மேலே விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் நெம்புகோலால் காற்றை அழுத்தும் வகைக்கு உருளைத் தொல்லை இல்லை. கைக்கு உழைப்பு உண்டு. இன்று போட்டிகளில் பெருவழக்காயிருப்பது 200 பார் அளவில் காற்றை முன்கூட்டியே நிரப்பும் வகை.

ஐந்து, பழுது பார்க்கும் வசதி. ஆஸ்திரிய ஸ்டையர், சுவிஸ் மொரீனி, செருமானிய வால்தர், இத்தாலியப் பார்தீனி எல்லாம் நல்லவையே. ஆனால் உங்கள் களத்தில் எதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும், எதைப் பழுது பார்ப்பார் உளர் என்று கேளுங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கியே பழுதாகி, அவர் மணித்துளிகளை இழந்து, இறுதிச் சுற்றையும் நூலிழையில் இழந்தார். உலகத்தரக் கருவிக்கும் அந்நிலை நேரும்.

சட்டத்தையும் மறவற்க. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துள்ளன. போட்டிக் கைத்துப்பாக்கியின் ஆற்றல் ஏறத்தாழ 6 ஜூலே. எனினும் வாங்குமுன் உங்கள் சங்கத்திலும் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்வது நன்று. விடுதி அறைக்கு மட்டும் கொண்டுவர வேண்டா. களத்துப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே நோக்கியிருக்க வேண்டும்; குறிபார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே உணவைத் தொடுங்கள். குண்டு சிறிதுதான், கண் ஒன்றைப் போக்க அது போதும்.

இறுதியாக என் அறிவுரை: முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். சங்கத்துத் துப்பாக்கிகளில் நான்கைந்தைக் கொண்டு பழகுங்கள். அதற்குள் உங்கள் கை தன் அளவைத் தானே சொல்லிவிடும். ஆசை நிலையானதா என்பதும் விளங்கிவிடும். இலட்சத்தைத் தாண்டும் விலையுள்ள பொருள் இது. பெரும்பாலும் அது நம் பணமும் அன்று.

என் துப்பாக்கிக்குச் சிறிய கைப்பிடி மாற்றியாயிற்று. இப்போது முனை பிளவின் நடுவில் நிற்கிறது. தந்தையாரிடம் உருளையின் கதையை இன்னும் சொல்லவில்லை. தொலைபேசியில் அவர் கேட்பது ஒன்றுதான்: “குறி படுதா தம்பி?” படுகிறது என்று இவ்வாண்டுதான் மனமறிந்து சொல்ல முடிந்தது.