பல்லி கடித்ததே இல்லை, பிறகு ஏன் பயம்?

கேள்வி: எனக்கு வயது 34. சமையலறைச் சுவரில் பல்லி தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்துவிடுவேன். கணவர் அதை விரட்டிய பிறகுதான் உள்ளே போவேன். அது என்னை ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. இப்போது என் நான்கு வயது மகளும் பல்லியைக் கண்டால் அலறுகிறாள். இது பரம்பரையா, டாக்டர்?

– வாசகி, மதுரை

பதில்: பரம்பரைக்கும் ஓரளவு பங்கு உண்டு அம்மா. ஆனால் பெரும்பகுதி கற்றுக்கொண்டதாகவே இருக்கும். நேரடியாக அடிபட்டுத்தான் பயம் வரவேண்டும் என்பதில்லை. 1980களில் சூசன் மினெக்கா என்ற உளவியலாளர், ஆய்வகத்திலேயே வளர்ந்த ரீசஸ் குரங்குகளைக் கவனித்தார். பாம்பைக் கண்டு அவை பெரிதாக மிரளவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கொன்று பாம்பைப் பார்த்து நடுங்குவதைக் கண்டபின் அவற்றுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. ஒரு குரங்கு பூவைப் பார்த்து மிரள்வதுபோல வீடியோ காட்டியபோதோ, பூவின் மேல் பயம் வரவில்லை. ஊர்வனவற்றின் மீதான பயம் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. உங்களுக்கும் யாரோ ஒரு பெரியவரின் அலறலிலிருந்து வந்திருக்கலாம். பல்லி விழுந்த சாம்பார் விஷம் என்ற பேச்சும் சேர்ந்திருக்கும். வீட்டுப் பல்லிக்கு விஷமே கிடையாது.

அந்தப் பயம் ஏன் இத்தனை வருஷமாகப் போகவில்லை என்பதுதான் முக்கியம். மௌரர் என்ற உளவியலாளர் 1947இல் இதற்கு விளக்கம் தந்தார். நீங்கள் வாசலைத் தாண்டியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதி, ஓடியதற்குக் கிடைத்த பரிசு. அதனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடுவீர்கள். உள்ளேயே நின்றிருந்தால், பல்லி டியூப்லைட் பக்கம் போய்ப் பூச்சி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்கவில்லை. கணவர் பாசத்தோடு விரட்டுவதும் பயத்துக்குத் தீனிதான்.

இந்தப் பயத்தைப் போக்க வழி உண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். பின்னாளில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான். நீங்களும் பல்லியின் படத்தில் தொடங்குங்கள், பிறகு வீடியோ, பிறகு கதவோரம் நின்று நிஜப் பல்லி. படபடப்பு தானாக இறங்கும்வரை நகராதீர்கள். பாதியில் ஓடினால் பயம்தான் வலுக்கும். தனியாக முடியவில்லை என்றால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள்.

மகளைத் திட்டவோ, தொடச் சொல்லி வற்புறுத்தவோ வேண்டாம். பயமில்லாத அப்பா, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பல்லி பூச்சி பிடிப்பதைத் தூரத்திலிருந்து வேடிக்கை காட்டட்டும்.