சுவர் உள்ள செல், சுவர் இல்லாத செல்

படிவம் 4-இல் உயிரியல் எடுத்த எல்லாருக்கும் ஓர் அட்டவணை மனப்பாடமா இருக்கும். இடது பக்கம் விலங்குச் செல், வலது பக்கம் தாவரச் செல். தாவரத்துக்குச் செல் சுவர் உண்டு, விலங்குக்கு இல்லை. மலாய்ப் புத்தகத்தில் 'டிண்டிங் செல்' என்று படித்திருப்பீங்க. எஸ்.பி.எம். முடிந்ததும் பலர் அதை மறந்துவிடுவார்கள். நான் படிப்பது இயந்திரப் பொறியியல். ஆனாலும் ஞாயிறு வகுப்பில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இந்தச் சுவர்தான். கிளினிக்கில் தரும் ஆண்டிபயாடிக் மாத்திரையில் பாதிக் கதை இதில் இருக்கு.

முதலில் பெரிய பிரிவைப் பார்த்துவிடுவோம். நம் செல், வாழை இலையின் செல், காளான், ஈஸ்ட் இவற்றில் மரபுப்பொருள் ஒரு சவ்வுக்குள், உட்கருவாக இருக்கும். பாக்டீரியாவில் அப்படி ஓர் அறையே கிடையாது. மரபுப்பொருள் செல்லுக்குள் திறந்தபடி கிடக்கும். அளவும் சின்னது. ஈ.கோலை பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். நம் இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். (தேர்வில் மாட்டிவிடுகிற கேள்வி: முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. வளரும்போது இருந்ததை வெளியே தள்ளிவிட்டுத்தான் சுமார் 120 நாள் ஓடுது.)

இப்ப சுவருக்கு வருவோம். பாக்டீரியாவின் உள்ளே கரைபொருள் அதிகம், அதனால் வெளியே உள்ள தண்ணீர் சவ்வூடுபரவலால் உள்ளே நுழையப் பார்க்கும். சில வகைகளில் உள்ளழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தைவிடப் பல மடங்கு! எங்க பாஷையில் சொன்னா, அது ஒரு அழுத்தக் கலன். அதை வெடிக்காமல் பிடித்து வைத்திருப்பது பெப்டிடோகிளைகான் என்ற வலை மாதிரியான சுவர். தாவரத்தின் சுவர் செல்லுலோஸ். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலின் இந்த வலையைத்தான் குறிவைக்குது. பாக்டீரியா வளரும்போது வலையைக் கொஞ்சம் அவிழ்த்துப் புது இழையைச் சேர்த்துத் தைக்கணும். தைக்கிற நொதியின் மேல் பெனிசிலின் ஒட்டிக்கொள்ளும். அவிழ்க்கிற வேலை நடக்கும், தைக்கிற வேலை நின்றுவிடும். சுவர் பலவீனமாகி, தண்ணீர் புகுந்து, செல் வெடிக்கும். நம் செல்லில் அந்த வலையே இல்லை, அதனால் பெனிசிலினுக்கு அங்கே வேலை இல்லை.

சரி, சுவர் இல்லாத நம் செல் ஏன் வெடிக்கலை? இரத்தத்தில் கரைபொருளின் மொத்த அளவு செல்லுக்குள் இருப்பதோடு சமமா இருக்கு. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டா வெடித்துவிடும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலா இருப்பது இதனால்தான்.

இன்புளுயன்சா, டெங்கி இரண்டும் வைரஸ். வைரஸ் செல்லே இல்லை. சுவரும் இல்லை, புரதம் செய்யும் ரைபோசோமும் இல்லை. ஆண்டிபயாடிக் எதைப் போய் அடிக்கும்? ஆனாலும் காய்ச்சல் வந்தா, போன தடவை மிச்சமான மாத்திரையைத் தேடுற வீடுகள் நிறைய. அந்த மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் சும்மா இருக்கிற பாக்டீரியாக்களில் பலவீனமானவை சாகும்; பெனிசிலினையே வெட்டும் நொதி வைத்திருப்பவை பெருகும். அந்த நொதிக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கவும் முடியும். பிறகு உண்மையாகவே நிமோனியா வந்து படுக்கும்போது மருந்து கேட்காமல் போகலாம்.

பூஞ்சை இன்னொரு வகைச் சிக்கல். அதற்குச் சுவர் உண்டு, ஆனா கைட்டினால் ஆனது, பெனிசிலின் பலிக்காது. உட்கருவும் உண்டு, அதனால் நம் செல்லுக்கு நெருங்கிய உறவு. அதை மட்டும் கொல்ல ஒரு வித்தியாசம் தேடினாங்க. நம் சவ்வில் கொலஸ்ட்ரால், பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால். பந்து விளையாடி ஈரக் காலுறையோடு திரியும் தம்பிகளுக்கு விரலிடுக்கில் அரிப்பு வந்தா, பார்மசியில் தரும் கிரீம் பெரும்பாலும் அந்த எர்கோஸ்டிரால் உருவாவதைத்தான் தடுக்குது.