வீதியோர மரங்கள்: தெரிவும் பராமரிப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
வன்னிப் பெருநிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்ட பாடம்



யூலை மாதத்தில் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பும் உங்களுக்கு இப்பாடத்தின் முதற்பகுதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தார் வீதியில் வெயில் எப்படிச் சுடும் என்பதும், வழியில் நிற்கும் ஒரேயொரு வேம்பின் கீழ் எத்தனை வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கும் என்பதும் நீங்கள் அறிந்தவையே. அந்த வேம்பு ஏன் அங்கே நிற்கின்றது, மற்றைய இடங்களில் ஏன் மரம் இல்லை, இனி நடுவதாயின் எதை, எங்கே, எப்படி நடுவது ஆகிய மூன்று வினாக்களுக்கும் இப்பாடம் விடை தருகின்றது.

1. வன்னியின் பௌதிகப் பின்னணி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் இலங்கையின் உலர் வலயத்தில் அமைந்துள்ளன. ஆண்டு மழைவீழ்ச்சி 1750 மி.மீ. இற்குக் குறைவாகப் பெறும் பிரதேசமே உலர் வலயம் எனப்படும். இங்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்தில் இரண்டாம் இடைப்பருவ மழையாலும் வடகீழ் பருவக்காற்றாலும் கிடைக்கின்றது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக எமது பிரதேசத்தில் வீசுகின்றது. மண்ணின் ஈரத்தையும் இலைகளின் நீரையும் அது உறிஞ்சிவிடும்.

எனவே வன்னியில் நடப்படும் எந்தக் கன்றும் ஏறக்குறைய ஐந்து மாத வரட்சியைத் தாண்டியாக வேண்டும். இதுவே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

மண்ணையும் கவனிக்க வேண்டும். உட்பகுதிகளில் செங்கபில நிற மண் பரவலாகக் காணப்படுகின்றது. இது மழையில் இளகி, வெயிலில் இறுகிவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணல் மண் காணப்படுகின்றது. இது நீரைத் தேக்கிவைக்காது; அத்துடன் உப்புக்காற்றும் வீசும். ஆற்றங்கரைகளிலும் குளங்களை அண்டியும் வண்டல் மண் உண்டு. ஆகவே வவுனியாவில் நன்றாக வளரும் மரம் முல்லைத்தீவுக் கடற்கரை வீதியில் வளரும் என்று சொல்ல முடியாது.

2. மரங்கள் அழிந்தமைக்கான காரணங்கள்

வீதிக்கு மரம் நடும் வழக்கம் மிகப் பழைமையானது. கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி தன் தூண் சாசனத்தில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தருவதற்காக வீதிகளில் ஆலமரங்களை நாட்டியதாகக் குறித்துள்ளார்.

எமது பிரதேசத்தில் நிழல் குறைந்தமைக்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

(அ) போர். 2009 மே மாதம் வரை நீடித்த போரில் மரங்களும் அழிந்தன. பரந்தன், ஆனையிறவு, முகமாலைப் பகுதிகளில் தலையிழந்து நின்ற பனைகளையும் தென்னைகளையும் உங்கள் பெற்றோர் கண்டிருப்பர். மீள்குடியேறியபோது வீடும் வேலியும் இல்லாத நிலையில், நின்ற ஒரு புளியையோ வேம்பையோ வைத்துத் தம் காணியை அடையாளம் கண்டவர்கள் பலர்.

(ஆ) வீதி அகலிப்பு. போருக்குப் பின்னர் ஏ-9 வீதி அகலமாக்கப்பட்டுக் காபெற் இடப்பட்டது. போக்குவரத்துக்கு இது பெரும் நன்மை. ஆனால் வீதி அகலும்போது ஓரத்து மரங்களுக்கு இடம் இல்லாமற் போகின்றது.

(இ) பராமரிப்பின்மை. மூன்றாவது காரணம் எம்மைச் சார்ந்தது. நான் வகுப்பு நடத்தும் ஒழுங்கையில் ஒரு கார்த்திகை மாதத்தில் கன்றுகள் நடப்பட்டன. நட்டவர்களில் என் மாணவர்களும் நானும் அடங்குவோம். புகைப்படம் எடுத்தோம். மாரி முடிந்தது, பரீட்சை வந்தது, நாம் மறந்துவிட்டோம். சிலவற்றைக் கட்டாக்காலி மாடுகள் தின்றன. எஞ்சியவை ஆவணி மாதத்திற்கு முன் காய்ந்தன. ஒரு கடைக்காரர் தன் வாசலில் தினமும் கை கழுவிய நீர் ஊற்றிய கன்று மாத்திரம் இன்று மரமாக நிற்கின்றது. கன்று நடுவது ஒரு நாள் வேலை. அதை மரமாக்குவது மூன்று வருட வேலை என்பதை நான் அதிலிருந்து கற்றேன்.

3. மரத்தைத் தெரிவு செய்தல்

"எந்த மரம் சிறந்தது?" என்று கேட்பது தவறு. "இந்த இடத்திற்கு எந்த மரம் பொருத்தமானது?" என்று கேட்பதே சரி. இடத்தைப் பார்க்கும்போது பின்வரும் ஐந்தையும் நோக்குக.

1. மேலே: மின்கம்பி உள்ளதா?
2. கீழே: வடிகால், நீர்க்குழாய், மதில் அத்திவாரம் உள்ளனவா?
3. பக்கத்தில்: வீதி விளிம்புக்கும் மதிலுக்கும் இடையே எவ்வளவு இடம் உள்ளது?
4. மண்: செங்கபில மண்ணா, மணலா, நீர் தேங்கும் நிலமா?
5. ஆள்: கோடையில் நீர் ஊற்றுபவர் யார்?

இவற்றின் அடிப்படையில் எமக்குத் தெரிந்த மரங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

வேம்பு: வரட்சியைத் தாங்கும், அடர்ந்த நிழல் தரும். மின்கம்பி இல்லாத வீதியோரத்திற்கு மிகப் பொருத்தமானது.

மருது, புங்கு: இயற்கையாக நீர்நிலைகளை அண்டி வளர்பவை. வாய்க்கால் ஓர வீதி, குளக்கரையை அண்டிய வீதி என்பவற்றுக்கு ஏற்றவை.

பூவரசு: உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும். கதியாலாகவும் நடலாம். முல்லைத்தீவுக் கரையோரத்திற்கு உகந்தது.

கொன்றை: நடுத்தர உயரமுடையது, மஞ்சள் நிறப் பூக்கள் கொத்தாகத் தொங்கும். ஒடுங்கிய வீதிகளுக்கு நல்லது. வரட்சியில் இலை உதிர்க்கும் என்பதை மறக்கலாகாது.

மந்தாரை, நந்தியாவட்டை: சிறியவை. மின்கம்பியின் கீழ் நடக்கூடியவை. நிழல் குறைவாயினும் வருடந்தோறும் வெட்டவேண்டிய தேவை ஏற்படாது.

ஆல், அரசு: பரந்த வேர்கள் மதிலையும் வடிகாலையும் பிளக்கும். கோயில் வீதி, சந்தை வெளி, விளையாட்டு மைதானத்தின் ஓரம் போன்ற திறந்த இடங்களில் மாத்திரம் நடுக.

நாவல், இலுப்பை, புளி: பெருமரங்கள். நாவற்பழம் விழுந்து நடைபாதை வழுக்கும். ஆகவே பாடசாலை வளவின் உட்பக்கம் நல்ல இடம்.

பாலை, முதிரை: வன்னிக் காட்டின் செல்வங்கள், வரட்சியைத் தாங்குபவை. மெதுவாகவே வளரும் என்பதால் விரைவாக வளரும் மரங்களுக்கு இடையே கலந்து நடலாம்.

தேக்கு: நல்ல மரத்தளபாட மரம். ஆயினும் வெயில் கடுமையான வரட்சிக் காலத்தில் இலையை உதிர்த்துவிடும். நிழல் மரமாகத் தேக்கைத் தெரிவு செய்வது பொருத்தமற்றது.

ஒரு வீதி முழுவதும் ஒரே இனத்தை நடுதல் கூடாது. ஒரு நோயோ பூச்சியோ பரவினால் வீதி முழுவதும் வெறுமையாகிவிடும். குறைந்தது மூன்று இனங்களைக் கலந்து நடுக.

4. பிற இடங்கள் தரும் பாடம்

2016 டிசெம்பர் 12 ஆம் திகதி வர்தா புயல் சென்னை நகரைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான வீதியோர மரங்கள் சரிந்தன. சீமெந்தும் தாரும் அடிமரம் வரை இடப்பட்டால் வேர் பரவ இடமில்லை. வேர் பரவாத மரம் காற்றுக்கு நிற்காது.

2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் கடும் மழையின்போது வீதியோரப் பெருமரம் ஒன்று பயணிகள் பஸ்ஸின் மீது விழுந்து ஐவர் உயிரிழந்தனர். வயது முதிர்ந்த மரத்தைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்தலும் பராமரிப்பின் ஒரு பகுதியே என்பதை இது உணர்த்துகின்றது. கார்த்திகை, மார்கழியில் வங்கக்கடலில் உருவாகும் சூறாவளிகள் எமது கரையையும் தாக்குவதுண்டு. 2020 டிசெம்பரில் புரெவி வந்ததை நினைவுகூர்க.

இதிலிருந்து, "மரமே ஆபத்து, வெட்டிவிடுவோம்" என்று முடிவு செய்வது தவறு. சரியான இடத்தில் சரியான மரம், தொடர்ச்சியான கவனிப்பு என்பதே சரியான முடிவாகும்.

5. நடும் முறை

காலம்: ஒக்டோபர் பிற்பகுதி அல்லது நவம்பரில், முதல் மழை மண்ணை நனைத்த பின்னர் நடுக. அப்போது வரட்சி தொடங்குமுன் வேர் ஆழம் செல்ல மாதங்கள் கிடைக்கும். வட மாகாண சபை இயங்கிய காலத்தில் (2013–2018) கார்த்திகை மாதம் மரநடுகை மாதமாகக் கடைப்பிடிக்கப்பட்டது இக்காரணத்துடன் பொருந்துகின்றது. யூன் 5 ஆம் திகதி உலக சுற்றாடல் தினமாகும். ஆனால் எமது பிரதேசத்தில் அது வரட்சிக் காலம். அன்று நட்டால் அன்றிலிருந்தே நீர் ஊற்ற வேண்டும்.

கன்று: பொலித்தீன் பையில் நீண்ட காலம் இருந்த கன்றின் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். அதனை விரித்துவிட்டு நடுக. பையை அகற்றாமல் நடுவது பெருந்தவறு.

குழி: ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணுடன் கூட்டெருவைக் கலந்து இடுக. தண்டும் வேரும் சேரும் இடம் நிலமட்டத்தில் இருத்தல் வேண்டும். ஆழப் புதைத்தால் தண்டு அழுகும்.

கவனிக்க: போர் நடந்த பகுதிகளில், கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்ட நிலத்தில் மாத்திரமே தோண்டுக. மண்வெட்டியில் சந்தேகத்திற்கிடமான இரும்புப் பொருள் பட்டால் தொட வேண்டாம், எடுக்க வேண்டாம். இடத்தை விட்டு விலகிப் பெரியவர்களுக்கும் பொலிஸாருக்கும் அறிவிக்கவும்.

கூடு: கட்டாக்காலி மாடு, ஆடு என்பவற்றிலிருந்து காக்க, தடிகளும் பனைமட்டையும் கொண்டு கன்றின் உயரத்திற்கு மேல் அடைக்குக. கூடு இல்லாத கன்று மாட்டுக்கு வைத்த தீனியாகும்.

6. பராமரிப்பு

நீர்: தினமும் சிறிது தெளித்தால் வேர் மேற்பரப்பிலேயே நிற்கும். வாரத்தில் இருமுறை நிறைய ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடி ஆழம் செல்லும். அடியில் சருகு, வைக்கோல் கொண்டு மூடுபடை இடுக. அது தண்டில் ஒட்டாதிருத்தல் வேண்டும்.

கத்தரித்தல்: கன்றாக இருக்கும்போதே தாழ்ந்த கிளைகளைப் படிப்படியாக அகற்றி, வீதிப் பக்கம் பஸ், லொறி செல்லவும் நடைபாதைப் பக்கம் ஆள் நடக்கவும் உயரம் விடுக. பெரிய கிளையை மூன்று வெட்டில் அகற்ற வேண்டும். முதலில் கிளையின் கீழ்ப்புறம் சிறு வெட்டு. அடுத்து அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கிளையை வீழ்த்துதல். இறுதியில் எஞ்சிய கட்டையை அடிமரத்தோடு ஒட்டிய வீக்கத்துக்கு வெளியே வெட்டுதல். இவ்வாறு செய்தால் பட்டை கிழியாது, காயம் ஆறும். மரத்தின் தலையை மொட்டையாக வெட்டினால் பலவீனமான கிளைகள் கூட்டமாக முளைத்துப் பின்னர் முறியும். மின்கம்பியருகே உள்ள கிளையை மின்சாரத் துறையினரே வெட்ட வேண்டும். நீங்கள் ஏற வேண்டாம்.

காயம்: விளம்பரப் பலகைக்கு ஆணி அடித்தல், கம்பி சுற்றுதல், அடியில் குப்பை எரித்தல் ஆகியவை பட்டையின் உட்புறமுள்ள உரியத்தையும் மாறிழையத்தையும் அழிக்கின்றன. இலையில் தயாரான உணவு வேருக்குச் செல்லாது. மரம் உடனே சாகாது. மெல்ல மெல்லச் சாகும். அதனாலேயே குற்றவாளி யாரென எவரும் அறிவதில்லை.

பொறுப்பு: ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினதும், உள்ளூர் வீதிகள் பிரதேச சபை அல்லது மாநகர சபையினதும் பொறுப்பிலுள்ளன. கிளிநொச்சி நகர் கரைச்சிப் பிரதேச சபைக்கு உட்பட்டது. நடுவதற்கும் வெட்டுவதற்கும் முன் உரிய நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி பெறுக.

7. பயிற்சிக் கணிப்பு

600 மீற்றர் நீளமான வீதியின் ஒரு பக்கத்தில், இரு முனைகளிலும் மரம் இருக்குமாறு 10 மீற்றர் இடைவெளியில் கன்றுகள் நடப்படுகின்றன எனக் கொள்வோம்.

இடைவெளிகள்: 600 ÷ 10 = 60
கன்றுகள்: 60 + 1 = 61
ஒரு கன்றுக்கு ஒரு தடவை 15 லீற்றர்: 61 × 15 = 915 லீற்றர்
வாரத்திற்கு இரு தடவை: 915 × 2 = 1830 லீற்றர்

பலர் 60 என எழுதிப் புள்ளி இழக்கின்றனர். இருபுறமும் மரம் உள்ளதால் 1 கூட்ட வேண்டும்.

1830 லீற்றர் என்றதும் பவுசர் வேண்டும் என்று தோன்றும். அவ்வீதியில் 30 வீடுகள் இருப்பின், வீட்டுக்கு இரண்டு கன்றுகள். ஒரு தடவைக்கு இரண்டு வாளி நீர். எஞ்சும் ஒரு கன்றை உங்கள் வகுப்பு ஏற்கட்டும். பெரிய வேலை பங்கிடப்பட்டதும் சிறிய வேலையாகிவிட்டது அல்லவா?

8. மாதிரி வினா

"உலர் வலய நகரொன்றில் வீதியோர மரநடுகைத் திட்டங்கள் தோல்வியடைவதற்கான காரணங்கள் இரண்டைக் குறிப்பிட்டு, அவற்றுக்கான தீர்வுகளை விளக்குக." (6 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: காரணம் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி, தீர்வின் விளக்கம் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள் எனக் கொண்டு எழுதுக. "மரம் நட வேண்டும்", "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று பொதுப்படையாக எழுதாதீர்கள். "மே முதல் செப்ரெம்பர் வரை வரட்சி நிலவுவதால் கன்றுகள் காய்கின்றன, எனவே நவம்பரில் நட்டு, முதல் மூன்று வருடங்களின் கோடைகளில் வாரமிருமுறை நீரூற்றும் பொறுப்பை வீடுகளுக்குப் பங்கிடலாம்" என எழுதினால் காலம், காரணம், செயல், பொறுப்பாளர் ஆகிய நான்கும் அதில் அடங்கும்.

செயற்பாடு: இன்று வீடு செல்லும் வழியில் உங்கள் வீதியின் வரைபடம் ஒன்றைக் கீறுங்கள். நிற்கும் மரங்கள், மின்கம்பி, வடிகால், மரமில்லாத வெற்றிடங்கள் என்பவற்றைக் குறியுங்கள். ஒரு வெற்றிடத்தைத் தெரிவு செய்து, அதற்குப் பொருத்தமான மரத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். வரும் கார்த்திகையில் அதை நடுங்கள். பரீட்சை முடிந்த பின்னரும் அடுத்த ஆவணியில் அதற்கு நீர் ஊற்றுபவரே இப்பாடத்தில் முழுப் புள்ளி பெற்றவர்.