பழம் பேணுதலும் பழுக்க வைத்தலும்

நாஞ்சில் நாட்டுக் குடியானவர்க்கு வயலுக்கு அடுத்தபடியாகக் கை கொடுப்பது விளையேயாகும். தென்னைக்கு இடையில் நிற்கும் வாழையும், வேலியோரத்துப் பலாவும், முற்றத்து மாவும் குடும்பச் செலவிற்கு உதவுவன. வாழை ரகங்களுள் ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, மட்டி ஆகியவை கன்னியாகுமரி ஜில்லாவில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. இவற்றுள் மட்டிப் பழத்திற்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ரசாயன உரமும் மருந்துமின்றி, சாணம், சாம்பல், தழையுரம் ஆகியவற்றைக் கொண்டே இவற்றைப் பயிரிடுவோர் பலர் உளர்.

எனினும், குலை வெட்டும் வரையில் காட்டப்படும் கவனம் வெட்டிய பின்னர்க் காட்டப்படுவதில்லை. பத்துக் குலைகளை ஒரே நாளில் வெட்டி ஓர் அறையில் குவித்து வைப்பின், முதலில் ஒரு சீப்பு பழுக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் யாவும் ஒருங்கே பழுத்துவிடும். அந்நிலையில் உடையவர் கேட்ட விலைக்குக் கொடுக்க நேரிடுகிறது. ஓணத்தையொட்டி ஏத்தனுக்குக் கிராக்கி ஏறுங்காலத்தில் நான்கு நாள் தாங்காத குலை, ஓராண்டு உழைப்பின் ஆதாயத்தைக் கொண்டுபோய்விடும். இந்நஷ்டத்திற்கு முதற்காரணம், பேணுதலும் பழுக்க வைத்தலும் வெவ்வேறு காரியங்கள் என்பதை உணராமையே.

பழம் கெடுவதன் காரணம்

வெட்டப்பட்ட காய் உயிரற்ற பொருளன்று. அது தொடர்ந்து சுவாசிக்கிறது. அதனால் தன்னிடமுள்ள மாவையும் சர்க்கரையையும் செலவிட்டு உஷ்ணத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. உஷ்ணம் 10 பாகை சென்டிகிரேடு ஏறினால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். குவியலின் நடுவிலுள்ள காய்கள் முதலில் பழுப்பது இதனாலேயாம்.

வேறொரு காரணமும் உண்டு. பழுக்கும் பழங்கள் எதிலீன் என்னும் வாயுவைத் தாமே உண்டாக்குகின்றன என்பதை இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் என்பவர் 1934-ஆம் ஆண்டில் ஆப்பிள் பழங்களைக் கொண்டு நிரூபித்தார். இவ்வாயு மிகச் சிறிய அளவிலேயே அருகிலுள்ள காய்களையும் பழுக்கத் தூண்டும். காயம்பட்ட காயிலிருந்து இது மிகுதியாக வெளிப்படும். ஆதலின் ஒரு பழுத்த சீப்போ, அடிபட்ட காயோ அறை முழுவதையும் பழுக்கச் செய்ய வல்லது.

நெல் சேமிக்கும் பத்தாயத்தில் வாழைக்காயை மூடி வைத்துப் பழுக்கச் செய்யும் பழைய வழக்கத்தின் இரகசியமும் இதுவே. வாயு வெளியேறாமல் தங்குவதால் காய் விரைந்து பழுக்கிறது. பத்தாயம் பழுக்க வைப்பதற்கு ஏற்ற இடம். பேணுவதற்கு ஏலாத இடம்.

வெட்டுதலும் சுத்தம் செய்தலும்

தொலைவுக்கு அனுப்பவோ, சில நாட்கள் வைத்திருக்கவோ வேண்டிய குலைகளை முக்கால் விளைச்சலில், காயின் விளிம்புகள் முற்றும் உருளுமுன் வெட்டுதல் வேண்டும். காலை வேளையே தக்கது. மழையில் நனைந்த குலையை ஈரம் உலராமல் அடுக்கலாகாது. ஒருவர் வெட்ட, மற்றொருவர் குலையை நிலத்தில் விழாமல் தாங்கி, வாழைச் சருகின்மேல் கிடத்துதல் நலம். தோலில் அன்று தோன்றாத அடி, பழுக்குங்கால் கரும்புள்ளியாகத் தோன்றி அழுகலுக்கு வாயிலாகும்.

சீப்பாகப் பிரிப்பதாயின் கூரிய சுத்தமான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, வெட்டுவாய் கீழ்நோக்கும்படி வைத்துக் கறையை வடியவிடுக. பின் நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்துக. மருந்து தொடாத பழத்திற்குப் பூஞ்சணத்தினின்று காப்பு இச்சுத்தமும் உலர்ச்சியுமேயாம்.

பேணும் அறை

வடக்கு நோக்கிய, வெயில் படாத, காற்று ஊடுருவும் அறை சிறந்தது. குலைகளைக் குவியாமல் கயிற்றில் தொங்கவிடுக. சீப்புகளாயின் மூங்கில் தட்டிகளில் ஒரே அடுக்காகப் பரப்புக. வெட்டிய தேதியைக் குலையின் தண்டில் எழுதிவைத்தல் பயன் தரும். நாள்தோறும் காலையில் பார்வையிட்டு, மஞ்சள் நிறங்கண்ட சீப்பையும் அழுகிய காயையும் உடனே அகற்றுக. பழுத்த பலாவையும் மாவையும் அவ்வறையில் ஒருபோதும் வைக்கலாகாது.

பச்சை வாழைக்காயைக் குளிர்பெட்டியில் வைப்பது தவறு. 13 பாகைக்குக் குறைந்த குளிரில் தோல் கறுத்து, பின்னர்ச் செவ்வனே பழுக்காது.

டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் மின்சாரமின்றிக் குளிரும் செங்கல் தொட்டி ஒன்றை அமைத்துக் காட்டியுள்ளனர். இரு செங்கற் சுவர்களுக்கிடையே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து, மேலே வைக்கோல் தட்டியால் மூடுதல் அதன் முறை. நீர் ஆவியாவதால் உட்புறம் குளிர்கிறது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தவிடத்து இக்குளிர்ச்சி குறையும். நாஞ்சில் நாட்டில் இரு பருவ மழைகளும் பெய்வதால், மழையற்ற மாசி, பங்குனி மாதங்களிலேயே இதன் பயனை எதிர்பார்க்கலாம்.

பழுக்க வைத்தல்

பேணும் அறையிலுள்ள சரக்கைப் பல பங்குகளாக்கி, சந்தை நாளைக் கணக்கிட்டு ஒவ்வொரு பங்காகப் பழுக்க வைத்தல் வேண்டும். ஒரு பங்கைப் பத்தாயத்திலோ மூடிய அறையிலோ நன்கு பழுத்த சில பழங்களுடன் ஒரு நாள் வைத்து, பின் திறந்து காற்றோட்டம் விடுக. திறவாதிருப்பின் கரியமிலவாயு மிகுந்து பழுத்தல் தடைப்படும். உஷ்ணம் மிகின், சில ரகங்களில் தோல் பச்சையாயிருக்கச் சதை குழைந்துவிடும்.

அவசரத்தால் கார்பைடு கல்லை நாடுதல் பெருந்தீங்கு. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுக் கலப்பு உண்டு. அதைக் கொண்டு பழுக்க வைத்த பழத்தை விற்பது 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளால் விலக்கப்பட்டுள்ளது. பெருஞ்சரக்கு உடையோர்க்குத் தனி அறைகளில் எதிலீன் வாயுவைப் பத்து லட்சத்திற்கு 100 பங்கு வரை செலுத்த 2016-ல் அனுமதி அளிக்கப்பட்டது.

பிற பழங்கள்

மாங்காயைச் சிறிது காம்புடன் பறித்து, பால் தோலில் படாமல் கவிழ்த்து வடியவிடுக. 52 பாகை வெந்நீரில் 5 நிமிஷம் அமிழ்த்தி ஆற்றி உலர்த்தினால், மருந்தின்றியே கரும்புள்ளி நோய் தணியும். ரப்பர்த் தோட்டங்களில் ஊடுபயிராகும் அன்னாசி, பறித்த பின் இனிப்பு ஏறாத இனம். ஆதலின் செடியிலேயே பக்குவமடைந்த பின் பறிக்கவேண்டும். எஞ்சிய ஏத்தங்காயை உப்பேரியாகவும், பலாச்சுளையை வரட்டியாகவும் செய்து வைப்பது பாட்டிமார் காட்டிய நல்வழி.

முடிவு

பேணும் அறை ஒன்று, பழுக்க வைக்கும் இடம் மற்றொன்று. இவற்றிடையே ஒரு சுவரும் மூடிய கதவும். இதற்கு ஆகும் செலவு சொற்பமே. இம்முறையைக் கைக்கொள்வோர் வியாபாரியின் நாளுக்குத் தாம் காத்திராமல், தம் நாளுக்கு வியாபாரியை வரச்செய்யலாம். கிராம அதிகாரிகளும் குலை வெட்டுங்காலத்திற்கு முன்னரே இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, கார்பைடு கல் ஊருக்குள் நுழையாமற் காப்பாராயின், விளைவித்தோர்க்கு ஆதாயமும் உண்போர்க்கு நலமும் ஒருங்கே உண்டாகும்.