கொட்டாரத்து யானையும் கூண்டுக் கோழியும்

அன்புள்ள பேத்திக்கு,

அடைத்து வைக்கப்பட்ட ஒரு விலங்கின் துன்பத்தை அறிய, அது கட்டில்லாமல் இருந்தால் ஒரு பகலை எப்படிக் கழிக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டு யானை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை மேய்ச்சலிலும் நடையிலும் கழிக்கிறது. மூத்த பெண் யானையின் பின்னால் தங்கைகள், மகள்கள், குட்டிகள் என்று உறவாகவே திரிகிறது. சேற்றில் புரள்கிறது, மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்கிறது. கோயில் கொட்டாரத்தில் நிற்கும் யானைக்குக் கரும்பும் வெல்லமும் கிடைக்கலாம், நெற்றிப்பட்டமும் கிடைக்கலாம். இன்னொரு யானை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

சங்கிலியில் நிற்கும் யானை உடலை முன்னும் பின்னும் அசைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். நாதஸ்வரத்துக்கு ஆடுகிறது என்று பெற்றோர் குழந்தைக்குக் காட்டுவார்கள். வாசிப்பு நின்ற பிறகும் அந்த ஆட்டம் நிற்காது. கால்நடை மருத்துவர்கள் அதை அடைபட்ட விலங்கின் மன உளைச்சலுக்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது பாதம். மண்ணில் நடக்கும்போது யானையின் நகமும் உள்ளங்காலும் தாமாகத் தேய்ந்து சீராகும். நாள் முழுவதும் சிமென்ட் தரையில், தன் சிறுநீரின் ஈரத்திலேயே நிற்கும் யானைக்குப் பாதத்தில் வெடிப்பு விழும், நகக்கண்ணில் சீழ் கட்டும். அலங்காரம் முகத்தில்தான் இருக்கும். யானையின் நிலைமை காலில் தெரியும்.

இதற்கெல்லாம் பாகனைக் குற்றவாளியாக்கிவிடுவது சுலபம், ஆனால் தவறு. 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். யானையோடு ஒரே கொட்டாரத்தில் நாளைக் கழித்து, அதன் கோபத்துக்கு முதலில் ஆளாகிறவர் பாகன்தான். சங்கிலியை அவர் கையில் கொடுத்தது ஊர். பட்டம் கட்டிய யானை வேண்டும் என்று கேட்பதும் ஊர். ஊர் மனம் வைத்தால் மாற்று வழி உண்டு. திருச்சிக்கு அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில், 2023இல் உற்சவத்துக்கு இயந்திர யானையை ஏற்றுக்கொண்டது. பக்தியும் குறையவில்லை, எழுந்தருளலும் நிற்கவில்லை.

யானைக்காக வருந்துகிறவர்கள் ஏராளம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் துன்பம் வேறிடத்தில் குவிந்து கிடக்கிறது. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில் மட்டும் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டுகளில் இருக்கின்றன. கூண்டின் தளம் முன்பக்கம் சரிந்திருக்கும். இட்ட முட்டை தானே உருண்டு வெளியே வந்து நிற்கும். எச்சம் கம்பி இடுக்கு வழியே கீழே விழும். தீவனத் தொட்டி கூண்டுக்கு வெளியே இருப்பதால் கோழி கழுத்தை நீட்டி நீட்டியே தின்ன வேண்டும். நாளடைவில் கழுத்து இறகு தேய்ந்து தோல் தெரியும். முட்டை அழுக்காகாது, எச்சத்தால் பரவும் சில நோய்களும் குறையும், ஒருவரே பல ஆயிரம் கோழிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வசதிகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பண்ணைக்காரரிடம் எடுபடவும் எடுபடாது.

கோழியின் பக்கத்துக் கணக்கு வேறு. இன்றைய கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பண்ணைக்கோழி முந்நூறைத் தாண்டுகிறது. இத்தனை ஓடுகளுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீவனத்திலிருந்து மட்டும் வருவதில்லை, அதன் எலும்பிலிருந்தும் கரைகிறது. அதனால்தான் முட்டை ஓய்ந்த கோழியைக் கூண்டிலிருந்து இழுத்து எடுக்கும்போது இறக்கையும் காலும் எளிதில் முறிகின்றன. நெரிசலில் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க, குஞ்சுப் பருவத்திலேயே அலகின் நுனியை வெட்டிவிடுகிறார்கள். அலகு வெறும் நகம் போன்றதன்று, உணர்வு நரம்பு ஓடும் உறுப்பு.

ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளின் பரப்பைக்கூட எட்டுவதில்லை. அந்த இடத்தில் அது செய்யும் ஒரு காரியத்தை நின்று கவனிக்க வேண்டும். வீட்டுக்கோழி வெயிலில் குழி பறித்து, இறகைச் சிலிர்த்து மண்ணை அள்ளித் தூவிக் குளிப்பதை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கூண்டுக்கோழியும் அதையே செய்யும். பதுங்கி உட்காரும், உடம்பைச் சாய்க்கும், இறக்கையை அடிக்கும், காலால் பறிக்கும். கீழே மண் இருக்காது, கம்பிதான் இருக்கும். பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தாலும் அந்த அசைவு அதன் உடம்பிலிருந்து போகவில்லை. ‘பழகிவிட்டது, அதற்கு ஒன்றும் தெரியாது’ என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

முட்டை இடாத சேவல் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே, பிறந்த முதல் நாளே கொல்லப்படுகின்றன. கறிக்கு வளர்க்க அந்த இனம் கட்டுப்படியாகாது. கறிக்கோழிக்கு வாழ்நாள் ஆறு வாரம்தான். ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகை வெற்றுக் கூண்டுகளை 2012இலிருந்து தடை செய்தது. சேவல் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022இலிருந்து நிறுத்தியது. அங்கெல்லாம் தொழிலுக்குச் செலவு கூடியது, தொழில் அழிந்துவிடவில்லை.

இந்த நாட்டின் சட்டமும் வெறுமையாக இல்லை. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி தந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவு 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை விலங்குகளுக்கான பணிக்கு வருகிற எவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். போதிய அசைவுக்கு இடம் தராத கூண்டில் விலங்கை அடைப்பதையும் அது குற்றமாகவே சொல்கிறது. குறை தண்டனையில் இருக்கிறது: முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்று அந்தப் பணத்துக்கு ஒரு டஜன் முட்டைகூட வராது. விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் கடுமையான குற்றம் என்பதால், புகாரில் அதையும் சேர்க்க முடியுமா என்று பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் விலங்குரிமை பேசுகிறவர் ஜல்லிக்கட்டில் தொடங்கினால் அடுத்த வாக்கியத்தைக் கேட்க ஆள் இருக்காது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அதை எதிர்த்தவர்களால் மெரினா நிறைந்தது. மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அந்த வழக்கு முடிந்த வழக்கு. வீட்டுப் பிள்ளைபோல் வளர்க்கப்படும் காளைக்கு ஆண்டில் சில நாள் கலவரம். கூண்டுக்கோழிக்கு ஆயுள் முழுவதும். உழைப்பை எங்கே செலவிடுவது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

விலங்குரிமை பேசுகிறவர் விழக்கூடிய, இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. இந்த நாட்டில் ‘ஜீவகாருண்யம்’ பல நேரங்களில் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதாகவே இருந்திருக்கிறது. மாட்டுக்கறி தின்பவரை இழிவாகப் பார்க்கும் பார்வை சாதியிலிருந்து வருகிறது. மாட்டின் மேலுள்ள பரிவுக்கு அதில் பங்கில்லை. பால் குடிக்கிற வீட்டுக்கும் கறிக்கடைக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈன்றதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்த பிறகு அந்தக் கன்றுக்கு வேலை இல்லை. பால் வற்றிய பசுவும் அதுவும் சந்தை வழியே அடிமாட்டு லாரியில் ஏறுகின்றன. ஏறிய பிறகு நிற்க இடமில்லாமல், தண்ணீர் இல்லாமல், விழுந்தால் எழ முடியாமல் போகும் பயணம்தான் வதை. லாரி ஒன்றில் இத்தனை மாடுகள்தான் என்ற வரம்பு 1978ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்த விதியைக் காக்கச் சொல்வது விலங்குப் பணி. லாரியை மறித்து ஓட்டுநரை அடிப்பது ரவுடித்தனம். அந்தக் கூட்டத்தோடு ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

சத்துணவு முட்டைக்கும் இதே அளவுகோல்தான். ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்லும் உரிமை, மூன்று வேளையும் பருப்பும் நெய்யும் தின்று வளர்ந்தவருக்குக் கிடையாது. முட்டை தட்டில் இருக்கட்டும், கோழி கூண்டில் இருக்க வேண்டாம் என்று அரசிடம் கேட்கலாம். மாநிலம் முழுவதும் பள்ளிகளுக்கு முட்டை வாங்கும் அரசு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தால், ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அது செய்யும்.

மனிதரும் இந்தப் பணியில் தேய்ந்துபோகிறார்கள். வதைக் காட்சிகளை இரவெல்லாம் பார்த்து, அவற்றையே பத்துப் பேருக்கு அனுப்பி, சில மாதங்களில் மனம் மரத்து விலகியவர்கள் பலர். காட்சிகளைச் சேர்ப்பதைவிடப் பயனுள்ளது ஒழுங்கான ஒரு புகார்: இடம், நாள், நேரம், வாகன எண், பார்த்தது என்ன, எந்தப் பிரிவு. மிகைப்படுத்திய ஒரு வரி இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒன்றை வைத்தே முழுப் புகாரையும் கவிழ்த்துவிடுவார். புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலை மாவட்ட விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

அன்புடன்,
தாத்தா