பழைய சமையலறை அலமாரியைச் செப்பனிடும் முறை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வாசிகளே! பழைய தேக்கு அலமாரியைத் தள்ளிவிட்டு, கடன்பட்டுப் புதியது செய்விப்பது சிக்கனமன்று. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் நோக்கங்களுள் சிக்கனமும் ஒன்று. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தோன்றியது.

1. மரத்தைக் கோணியூசியால் குத்திப் பார்க்க. எளிதில் இறங்கும் பலகை கறையான் அரித்ததாகும். அதனை மட்டும் மாற்றுக.

2. கீல் தளர்ந்திருப்பின், திருகாணித் துளையில் மூங்கிற் சிம்பை வச்சிரமிட்டு அடைத்து, உலர்ந்தபின் முடுக்குக.

3. பழைய வர்ணத்தில் ஈயம் இருத்தல் கூடும். 2017 நவம்பர் முதலே வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற வரம்பு அமலாயிற்று. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே உலர்த்தேய்ப்பு கூடாது. குழந்தைகளை அகற்றி, நனைத்தே தேய்த்து, கசடை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க. உரியாத வர்ணத்தைச் சுரண்டாது அதன்மேலேயே பூசுதல் நன்று.

4. வர்ணமற்ற மரத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி, நன்கு உலர்ந்தபின் மறுமுறை பூசுக. எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றும். வெளியில் விரித்து உலர்த்துக.

இவ்வளவும் வீட்டாரே செய்யத்தக்கன. பலகை மாற்றுவதற்கு மட்டும் தச்சரை அழைத்தாற் போதும்.