பக்கத்து வீட்டு நாயும் அண்டை வீட்டாரின் உரிமையும்



 

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். திருச்செந்தூரில்தான் வீடு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு நாய் வாங்கியிருக்கிறார். இரவு முழுக்கக் குரைக்கிறது, கைப்பிள்ளை தூங்குவதில்லை. பஜ்ருக்குக் கதவைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் குரைப்புச் சத்தம் பின்னாலேயே வருகிறது. இரண்டு மாதமாக இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "ஹஜ்ரத், நாய் வளர்ப்பது மார்க்கத்தில் கூடாதுதானே? நான் புகார் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

"அவரிடம் சொன்னீர்களா?" என்றேன்.

"சொன்னேன் ஹஜ்ரத். ராத்திரி இரண்டு மணிக்கு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று."

சகோதரர்களே, அது சொன்னது ஆகாது. அது நாம் திருப்பிக் குரைத்தது.

முதலில் அவருடைய கேள்வியைப் பார்ப்போம். வேட்டை, ஆடுமாடு, வயல் ஆகிய காவல் தேவைகள் இல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு பங்கு குறையும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. வீட்டுக் காவலையும் அந்தத் தேவைகளோடு சேர்த்து அனுமதித்த அறிஞர்கள் உண்டு. நம் ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். இந்தச் சட்டங்களெல்லாம் நமக்குரியவை. மாற்று மதத்து அண்ணாச்சியை இவற்றை வைத்து அளக்க முடியாது. நாய் குரைத்தால் நம் உளூவும் முறியாது. ஆகவே இது நஜீஸ் பிரச்சினை இல்லை, அண்டை வீட்டாரின் உரிமைப் பிரச்சினை.

அந்த உரிமை எவ்வளவு பெரியது? அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதால், அவருக்குச் சொத்திலும் பங்கு வந்துவிடுமோ என்று நபியவர்களே எண்ணினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். இந்த உரிமைக்கு மதம் ஒரு தடையே இல்லை.

இரவுச் சத்தம் பற்றியே ஒரு சம்பவம் உண்டு. கூஃபா நகரில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பக்கத்து வீட்டில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். பகலெல்லாம் உழைப்பார். இரவானால் குடித்துவிட்டுப் பாடுவார். இமாமோ இரவெல்லாம் நின்று தொழுபவர். அந்தப் பாட்டு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒருநாள் இரவு சத்தமே இல்லை. நாமாக இருந்தால் "அப்பாடா" என்று படுத்திருப்போம். இமாம் விசாரித்தார். காவலர்கள் பிடித்துப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் வாகனத்தில் ஏறி அமீரிடம் போய்ப் பேசி அவரை விடுவித்துக் கூட்டி வந்தார். தன்னை யாரும் கவனிக்காமல் தொலைத்துவிட்டார்கள் என்பதுதான் அந்த மனிதர் பாடும் பாட்டின் கருத்து. "நாங்கள் உன்னைத் தொலைத்துவிட்டோமா?" என்று இமாம் கேட்டார். அந்த மனிதர் அன்றோடு குடியை விட்டார்.

அப்படியானால் தொந்தரவை வாய்மூடிச் சகிக்கத்தான் வேண்டுமா? இல்லை. அண்டை வீட்டாரின் தொல்லையைப் பற்றி ஒருவர் நபியவர்களிடம் முறையிட்டார். பொறுமையாக இரு என்று அனுப்பினார்கள். இரண்டு மூன்று முறை வந்த பிறகுதான், வீட்டுச் சாமான்களை எடுத்துத் தெருவில் வைக்கச் சொன்னார்கள். போவோர் வருவோர் காரணம் கேட்டு அந்த அண்டை வீட்டாரைச் சபித்தார்கள். அவரே ஓடி வந்து, இனித் தொல்லை தர மாட்டேன், சாமான்களை உள்ளே கொண்டு போ என்றார். வரிசையைக் கவனியுங்கள். பொறுமைதான் முதலில், ஊரறியச் செய்வது கடைசியில். நாமோ முதல் இரவே நாயை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம்.

அந்தச் சகோதரரிடம் இன்னொன்றும் கேட்டேன். ரமலானில் ஸஹருக்கு உங்கள் வீட்டில் மிக்ஸி எத்தனை மணிக்கு ஓடுகிறது? மூன்றரை மணிக்கு. முப்பது நாள். அண்ணாச்சி ஒரு நாளாவது சுவரைத் தட்டியிருக்கிறாரா? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பகலில் போங்கள், மாலை நேரத்தில், கையில் ஏதாவது தின்பண்டத்தோடு. "அண்ணாச்சி, பிள்ளைக்கு ராத்திரி தூக்கமில்லை, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "உங்க நாய்" என்று ஆரம்பிக்காதீர்கள். நாய் காரணமில்லாமல் குரைப்பதில்லை. கேட்டுக்குக் கீழே நடமாடும் கால்கள் தெரிந்தால் குரைக்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தாலும் குரைக்கும். இரவில் பின்பக்கம் கட்டுவதும், கேட்டின் அடிப்பகுதியைத் தகரத்தால் மறைப்பதும், மாலையில் நடக்கக் கூட்டிப் போவதும் பெரும்பாலும் பலன் தரும். அந்தத் தகரத்தின் செலவில் பாதியை நீங்கள் கொடுத்தால்தான் என்ன? அதற்கும் சரிவராவிட்டால் தெருப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே நகராட்சி, காவல் நிலையம். சட்டத்தின் வழியில் போவது பாவமில்லை, ஆனால் அதை முதல் படியாக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். சோற்றில் விஷம் வைப்பது, கல்லால் அடித்து முடமாக்குவது போன்ற பேச்சுகள் நம் தெருக்களிலும் காதில் விழுகின்றன. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. சிறையை விடப் பெரியதும் இருக்கிறது. தாகித்த நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகத்திற்குப் போனாள். இரண்டையும் சொன்னவர்கள் நம் நபியவர்கள்தான்.

அந்தச் சகோதரர் நேற்று இஷாவுக்கு வந்திருந்தார். மாலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனாராம். நாய் ஏன் வந்தது என்பதே அப்போதுதான் தெரிந்ததாம். பங்குனியில் அந்த வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது. ஒரே சுவர்தான் நடுவில், இவருக்குத் தெரியவில்லை. "பாய், நீங்க வந்து கேட்டிருந்தா அன்னைக்கே பின்னால கட்டியிருப்பேனே" என்றாராம் அண்ணாச்சி. நாய் இப்போது பின்பக்கம் கிடக்கிறது. பஜ்ருக்குப் போகும்போது இன்னும் இரண்டு தடவை குரைக்கத்தான் செய்கிறதாம்.